காலேஜ் ஃபீஸ் கட்டியாச்சு, இப்போ வேற சீட் கிடைச்சிருக்கு.. கட்டின பணம் திரும்ப வருமா? யுஜிசி விதி என்ன சொல்கிறது?

பிளஸ் 2 ரிசல்ட் வந்த கையோடு பக்கத்து ஊர் கலைக் கல்லூரியில் பி.காம். சீட் போட்டாச்சு. "கையில இருக்கிற சீட்டை விட்டுடக் கூடாது" என்று வீட்டில் நகையை அடகு வைத்து ஃபீஸும் கட்டியாச்சு. ஆகஸ்டில் பார்த்தால், பொறியியல் கலந்தாய்வில் ஆசைப்பட்ட பாடப்பிரிவே கிடைக்கிறது. பழைய காலேஜ் ஆபீஸில் போய்க் கேட்டால், "கட்டின ஃபீஸ் திரும்பத் தர மாட்டோம்" என்று ஒரே வரியில் பதில் வருகிறது. ஒவ்வொரு வருஷமும் பல வீடுகளில் நடக்கிற கதைதான் இது.

தேதியைப் பார்க்காமல் அப்படிச் சொல்ல விதியில் இடமில்லை. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018 அக்டோபரில் இதற்கென்றே ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எந்தத் தேதியில் இருந்து கணக்கு?

பலரும் தப்பு பண்ணுகிற இடம் இதுதான். நீங்கள் பணம் கட்டிய நாளில் இருந்தோ, வகுப்பு தொடங்கிய நாளில் இருந்தோ கணக்கு எடுப்பதில்லை. அந்தக் கல்லூரி முறைப்படி அறிவித்த 'சேர்க்கைக்கான கடைசித் தேதி'தான் மையப்புள்ளி.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஃபீஸ் 60,000 ரூபாய், காஷன் டெபாசிட் 5,000 ரூபாய், சேர்க்கைக்குக் கடைசித் தேதி ஆகஸ்ட் 31 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 10-ல் விலகினால், அதாவது கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது, முழு ஃபீஸும் திரும்ப வர வேண்டும். நடைமுறைச் செலவு என்று அதிகபட்சம் 5% பிடிக்கலாம். அதுவும் 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கில் 3,000 போக 57,000 ரூபாய் கைக்கு வரும். ஆகஸ்ட் 25-ல் விலகினால் 90%, அதாவது 54,000. கடைசித் தேதி முடிந்து 15 நாளுக்குள் என்றால் 80%, 48,000. அதற்கும் பிறகு 30 நாளுக்குள் என்றால் பாதி, 30,000. 30 நாளும் தாண்டிவிட்டால் ஃபீஸில் ஒரு ரூபாய்கூட வராது.

காஷன் டெபாசிட் இதில் சேராது. அது ஃபீஸே கிடையாது. அந்த 5,000 ரூபாயை முழுசாகத் தந்தாக வேண்டும். ஆபீஸில் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இதற்கு மேலே ஒரு சலுகையும் உண்டு. கலந்தாய்வுகள் தள்ளிப் போவதால், சில ஆண்டுகளில் யுஜிசி தனி அறிவிப்பு கொடுக்கிறது. 2024-25 கல்வியாண்டுக்கு, செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகை, அக்டோபர் 31 வரை விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்தம் என்று அறிவித்தது. நீங்கள் சேர்ந்த வருஷத்துக்கு இப்படி ஏதும் வந்திருக்கிறதா என்று யுஜிசி இணையதளத்தில் முதலில் பார்த்துவிடுங்கள். வந்திருந்தால் மேலே போட்ட கணக்கைவிட உங்களுக்கு அதுதான் லாபம்.

போனில் சொன்னால் போதுமா?

போதாது. விலகுகிறேன் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். கடிதத்தின் நகலில் சீல், தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அன்றைக்கே காலேஜ் மெயிலுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. ஃபீஸ் ரசீது, வங்கிக் கணக்கு விவரம் இரண்டையும் இணைக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்பது விதி.

அவசரப்பட்டுப் பழைய சீட்டை மட்டும் முதலில் விட்டுவிடாதீர்கள். கலந்தாய்வில் ஒதுக்கீடு வந்தாலும், குறித்த நாளுக்குள் உறுதி செய்து பணம் கட்டாவிட்டால் அந்த இடமும் போய்விடும். புது இடம் உறுதியான பிறகு, ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் பழைய காலேஜுக்குக் கடிதம் கொடுங்கள்.

"மூணு வருஷ ஃபீஸையும் கட்டினால்தான் சர்டிஃபிகேட்"

இப்படிக் கேட்டால் அதுவும் தப்பு. நடப்பு செமஸ்டருக்கோ ஆண்டுக்கோ உரிய ஃபீஸை மட்டும்தான் வாங்கலாம் என்று அதே அறிவிக்கை சொல்கிறது. ஒரிஜினல் மதிப்பெண் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது.

தர மறுத்தால்?

முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுத வேண்டும். 2023-ல் வந்த யுஜிசி ஒழுங்குமுறைப்படி, அந்தக் குழு 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். யுஜிசியின் 'இ-சமாதான்' தளத்திலும் ஆன்லைனில் புகார் பதியலாம். சீல் வாங்கிய கடிதமும் ரசீதும் இருந்தால் அப்லோட் செய்ய ஐந்து நிமிஷம்கூட ஆகாது.