விஸ்கிச் சவர்: சாராயத்தில் தொடங்கிய வரலாறு

எங்கள் ஆட்கள் கூடுகிற விருந்துகளில் விஸ்கிப் போத்தல் மேசைக்கு நடுவில் நிற்கும். பிறந்தநாளோ, பூப்புனித நீராட்டோ, போத்தலின் விலையை வைத்தே வீட்டுக்காரரின் நிலைமை மதிப்பிடப்படும். யாராவது அதற்குள் கொஞ்சம் தேசிக்காய்ப் புளியும் சீனியும் விட்டுக் கேட்டால், "நல்ல சாமானைப் பழுதாக்காதை" என்று ஓர் அண்ணை சொல்லாமல் விடமாட்டார். ஊரில் வரலாறு படிக்கப் பல்கலைக்கழகம் புகுந்து, படிப்பை முடிக்காமல் நாட்டை விட்டு வந்தவன் நான். பாரிசில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது றெஸ்ரோறன்ற் பாருக்குப் பின்னால் நின்று குடிவகை கலக்குகிறேன். அந்த அண்ணைமாருக்காகவே இதை எழுதுகிறேன். விஸ்கியும் எலுமிச்சைச் சாறும் சீனியும் சேர்ந்த 'விஸ்கிச் சவர்' என்ற கலவையின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், அது முதலில் விஸ்கியால் செய்யப்பட்டதே அல்ல. சாராயத்தால் செய்யப்பட்டது.

சவருக்குத் தாய் 'பஞ்ச்'. இந்தச் சொல் ஆங்கில எழுத்தில் முதன்முதலாகக் காணக் கிடைப்பது 1632ஆம் ஆண்டுக் கடிதமொன்றில். கிழக்கிந்தியக் கம்பனியைச் சேர்ந்த றொபேர்ட் அடம்ஸ் என்பவர் பேட்டாப்பொலியிலிருந்த தன் சகாவுக்கு எழுதியது. பேட்டாப்பொலி என்பது சோழமண்டலக் கரையின் வடக்கே, இன்றைய ஆந்திராவில் நிசாம்பட்டினம் என்று அழைக்கப்படும் ஊர். கப்பலில் கொண்டுவந்த பியரும் வைனும் வெப்பத்தில் கெட்டுப்போக, வெள்ளைக்காரர் கையில் கிடைத்ததைக் குடித்தார்கள். கிடைத்தது கள்ளிலிருந்து வடித்த சாராயம். அதன் காரத்தை அடக்கத் தேசிக்காய், சீனி, தண்ணீர், வாசனைத் திரவியம். 1670களில் இந்தியாவில் இருந்த மருத்துவர் ஜோன் ஃபிறையர், ஐந்து பொருள் சேர்வதால் 'ஐந்து' என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லால் இப்பெயர் வந்தது என்று எழுதினார். இதை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை, பீப்பாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. சொல் எதுவானாலும் சரக்கு எங்கள் பக்கத்துச் சரக்குத்தான். கோவாச் சாராயமும் இலங்கைச் சாராயமும் தென்னங்கள்ளில் வடித்தவை. பத்தாவியாச் சாராயம் கரும்புப் பாகிலும் அரிசியிலும் சீனர்கள் வடித்தது.

ஆங்கிலப் புத்தகங்கள் கப்பலையும் கம்பனியையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். மரத்தில் ஏறியவனைப் பற்றி ஒரு வரியோடு முடிக்கும். தளைநாரைக் காலில் மாட்டி, இடுப்பில் பாளைக்கத்தியும் முட்டியும் தொங்க, நாளுக்கு இருதடவை ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கிய சீவல்தொழிலாளி இல்லாமல் சாராயமும் இல்லை, பஞ்சும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அவரை நாங்கள் வைத்திருந்த இடம் எது என்று வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர் இறக்கிய கள்ளை வளவுக்குள் குந்தியிருந்து பிளாவில் வாங்கிக் குடித்தவர்கள் அவரைக் கிணற்றடிக்கு விடவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் வழிமறித்து நின்றதும் அதே சமூகம்தான். இன்று பாரிசின் புறநகரிலிருந்து கொண்டு பன்னிரண்டு வருட விஸ்கியின் வாசத்தைப் புகழ்கிற நாங்கள், எங்கள் ஊர்ச் சாராயத்தைப் 'பட்டை' என்று சிரித்தபடி சொல்வதற்குப் பின்னால் நாக்கின் ருசி மட்டும்தான் இருக்கிறதா?

காசு பார்த்தவர்கள் வேறு ஆட்கள். இலங்கையில் ஒல்லாந்தரும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் சாராய விற்பனை உரிமையைக் குத்தகைக்கு ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்த குத்தகைக்காரர் தவறணைகளை நடத்தினார்கள், அரசு வருமானத்தைப் பெற்றுக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் புதிதாக எழுந்த பணக்கார வர்க்கத்தின் மூலதனம் பெருமளவு இந்தச் சாராயக் குத்தகையிலிருந்தே திரண்டது என்பதைக் குமாரி ஜெயவர்த்தன தன் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

பஞ்ச் கப்பலேறி லண்டனுக்குப் போயிற்று. பெரிய கிண்ணத்தில் கலந்து பலர் சேர்ந்து குடிக்கும் பானமாக இருந்ததை, 1731இல் ஜேம்ஸ் அஷ்லி என்பவர் திறந்த பஞ்ச் கடை சிறிய அளவுகளிலும் விற்றது. சீனி கரீபியன் தீவுகளிலிருந்து வந்தது, அடிமைகளின் உழைப்பால். பிரெஞ்சுத் தீவுகளில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்பு வெட்ட ஆள் தேடியபோது, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றப்பட்டவர்களில் பெருந்தொகையானோர் தமிழர். 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் முதற் கப்பல்கள் போயின. எங்கள் குசினியில் வேலைசெய்யும் குவாதலூப்காரி ஒருத்தி, தன் பாட்டி வீட்டில் மாரியம்மனுக்கு ஆடு வெட்டுவார்கள் என்று சொன்னாள். தமிழில் அவளுக்குச் சில சொற்களே தெரியும்.

இனித் தேசிக்காய்க்கு வருவோம். நீண்ட கடற்பயணங்களில் மாலுமிகளின் முரசு அழுகிப் பல் விழுந்து, பழைய காயங்கள் மீண்டும் திறந்து, ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஸ்கேர்வி என்ற நோய். 1747இல் சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில் மருத்துவர் ஜேம்ஸ் லின்ட் பன்னிரண்டு நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு சோடிக்கு ஆப்பிள் மது, ஒரு சோடிக்கு நீர்த்த கந்தக அமிலம், ஒரு சோடிக்கு வினாகிரி, ஒரு சோடிக்குக் கடல் தண்ணீர், ஒரு சோடிக்கு உள்ளியும் கடுகும் சேர்த்து அரைத்த மருந்து. கடைசிச் சோடிக்கு நாளுக்கு இரண்டு தோடம்பழமும் ஒரு எலுமிச்சையும். பழம் ஆறு நாளில் முடிந்துவிட்டது. அதற்குள் அந்த இருவரில் ஒருவன் வேலைக்குத் திரும்பும் நிலைக்கு வந்துவிட்டான். லின்ட் இதை 1753இல் நூலாக வெளியிட்டார். பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்கத் தொடங்கியதோ 1795இல். இடையில் 42 வருடம். சாதாரண மாலுமியின் உயிருக்கு இருந்த அவசரம் அவ்வளவு.

மதுவும் புளியும் கப்பலில் கூடியது அதற்கும் முன்னரே. 1740இல் அட்மிரல் வேர்ணன், மாலுமியின் பங்கான அரை பைந்து றம்மோடு ஒரு குவார்ட் தண்ணீர் கலந்து கொடுக்கும்படி கட்டளையிட்டார். விரும்பினால் தங்கள் உப்பிறைச்சியையும் பாணையும் மிச்சம்பிடித்து, அதற்குப் பதிலாகச் சீனியும் தேசிக்காயும் வாங்கிச் சேர்க்கலாம் என்றும் அக்கட்டளையில் இருந்தது. 1860களில் கடற்படை மத்தியதரைக்கடல் எலுமிச்சையை விட்டு மேற்கிந்தியத் தீவுகளின் தேசிக்காய்க்கு மாறியது. அதில் உயிர்ச்சத்து சி குறைவு. 1875-76இல் வடதுருவத்துக்குப் போன நேர்ஸின் குழு தேசிக்காய்ச் சாற்றைக் கொண்டுபோயும் ஸ்கேர்வியில் வீழ்ந்தது.

விஸ்கி கடைசியாகத்தான் வந்து சேர்கிறது. அமெரிக்கா பிரித்தானியாவிடமிருந்து பிரிந்தபின் றம்முக்கான கரும்புப் பாகு தடைப்பட்டது. மலைகளுக்கு அப்பாலிருந்த விவசாயிகளுக்குத் தானிய மூட்டையைச் சுமப்பதைவிட அதை வடித்து விஸ்கியாகக் கொண்டுபோவது இலாபம். அதற்கு வரி போட்டபோது 1794இல் கலகமே செய்தார்கள். 1862இல் ஜெரி தோமஸ் என்ற பார்க்காரர் வெளியிட்ட புத்தகத்தில் பஞ்ச் வகைகள் ஏராளம், தனிக் கிளாசுக்குச் சுருக்கிய சவர்களும் உண்டு. சாராயப் பஞ்சும் இருக்கிறது. அசல் சாராயம் கிடைக்காதவர்களுக்கு, றம்மில் சாம்பிராணிச் சத்தைக் கரைத்துப் போலிச் சாராயம் செய்யும் முறையையும் தந்திருக்கிறார்! 1860களிலிருந்து பிலொக்சேரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழிக்க, பிறண்டி அரிதாகி விஸ்கிக்கு வழி இன்னும் அகன்றது.

இனிச் செய்முறை. விஸ்கி 4.5 சென்ரிலீற்றர், எலுமிச்சைச் சாறு 2.5, சீனிப்பாகு 2. சீனிப்பாகென்றால் சம அளவு சீனியும் சுடுதண்ணீரும் கரைத்து ஆறவைத்தது. போத்தல் சாறு வேண்டாம், பழத்தை அப்போதே பிழியுங்கள். வீட்டில் கலக்கும் குவளை இல்லாவிட்டால் மூடி இறுக்கமான ஜாம் போத்தல் போதும். ஐஸ் நிறையப் போட்டு, போத்தலின் வெளிப்புறம் பனிபிடிக்கும்வரை பத்துப் பன்னிரண்டு விநாடி பலமாகக் குலுக்கி வடித்து ஊற்ற வேண்டும். ஐஸ் உருகிக் கொஞ்சம் தண்ணீர் சேர்வதும் கணக்கில் அடக்கம். நுரை வேண்டுமென்றால் முட்டை வெள்ளைக்கருவை முதலில் ஐஸ் இல்லாமல் சேர்த்துக் குலுக்கி, பிறகு ஐஸ் போட்டு மறுபடி குலுக்க வேண்டும். விலைகூடிய விஸ்கி இதற்குத் தேவையில்லை. தமிழ்க் கடைகளில் சிலவேளை தென்னஞ் சாராயம் வரும். விஸ்கிக்குப் பதில் அதை விட்டால் பாகை 1.5 ஆகக் குறையுங்கள், சாராயத்தில் ஏற்கெனவே ஓர் இனிப்பு இருக்கிறது. சாதிக்காய் சிறிது துருவித் தூவலாம், பழைய பஞ்சிலும் அது இருந்தது.