முருகைக்கல் வேதக்கோயில்கள்

மருதனார்மடச் சந்தியில் இறங்கி உடுவில் பக்கம் போகிறவர்களுக்கு அங்குள்ள மகளிர் கல்லூரி தெரியும். 1824இல் தொடங்கிய பள்ளி அது. அந்த ஊரின் வேதக்கோயில் (கிறிஸ்தவத் தேவாலயம்) கதையோ அதற்கும் ஏறத்தாழ இரு நூற்றாண்டு முந்தியது.

1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயர், 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். பிறகு குடாநாட்டைக் கோவிற்பற்றுகளாகப் பிரித்தார்கள். உடுவில், தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, சங்கானை, பண்டத்தரிப்பு என ஊருக்கு ஊர் வேதக்கோயில் எழுந்தது. தொடக்கத்தில் பல கோயில்களுக்கு மண்சுவரும் ஓலைக்கூரையும்தான்.

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். சொரூபங்கள் போயின, கட்டடங்கள் தங்கின. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு தடித்த சுவர்களை எழுப்பினார்கள். பல்தேயுஸ் என்ற போதகர் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் இந்த ஊர்க்கோயில்கள் பலவற்றின் படங்கள் இருக்கின்றன.

வேதக்கோயில் அன்று கந்தோரும்கூட. ஞானஸ்நானமும் கலியாணமும் அங்கே பதிந்தால்தான் செல்லும். முதுசக் காணியின் உரிமையும் அதோடு பிணைந்திருந்தது. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தண்டம். ஞாயிறன்று கோயிலுக்குப் போனவர்கள் வீட்டில் விரதம் இருந்து, சாப்பிட்ட வாழையிலையைக் கூரை இறப்பில் செருகி மறைத்தார்கள் என்று யாழ்ப்பாணத்தில் சொல்வார்கள். அப்படிச் சேர்ந்த சபை ஆட்சி மாறியதும் கரைந்து போனதில் வியப்பில்லை. ஆங்கிலேயர் காலத்தில் பல கோயில்களின் கூரை விழுந்தது.

1816இல் வந்த அமெரிக்க மிஷனரிகள் கண்டது இந்தப் பாழ்ச்சுவர்களைத்தான். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறினார்கள். 1820இல் உடுவிலுக்கு வந்தார்கள். உடுவிலில் பணிசெய்த மைரன் வின்சுலோவின் பெயரில்தான் 1862ஆம் ஆண்டின் பெரிய தமிழ் அகராதி வழங்குகிறது. வட்டுக்கோட்டைக் கோயில் 1947க்குப் பிறகு தென்னிந்தியத் திருச்சபை யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயம் ஆனது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயத்துக்கு நிலைத்து நிற்கும் பேறு இல்லை. 1990இல் போரில் அழிந்தது.

இத்தகைய பழைய கோயில்களைப் பேணுவது யார் பொறுப்பு? பிரான்சில் மத்தியகால ஊர்த் தேவாலயங்களில் பெரும்பாலானவை ஊர்மன்றத்தின் சொத்து. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு அது. கூரை ஒழுகினால் நகரபிதாவைத்தான் கேட்பார்கள். இங்கே அந்தச் சுமை சபையார் தலையில். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பழைய முருகைக்கல் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள். ஈரம் உள்ளே சிறைப்பட்டுக் கல் உதிரும். சுண்ணாம்புச் சாந்தே போதும்.