கறுத்த கத்தாளை

1771-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், பிரசங்கத்தோடு நிற்கவில்லை. நம்மூர் மீன்களைச் சேகரித்து, பெர்லினில் இருந்த டாக்டர் மார்க்கஸ் பிளாக்குக்கு அனுப்பிவைத்தார். பிளாக் இந்தியாவை எட்டிக்கூடப் பார்த்தவரில்லை! வந்த மீன்களை வகை பிரித்து, படம் போட்டு, லத்தீனில் பெயர் சூட்டுவது அவர் வேலை.

1793-ல் ஒரு மீனுக்கு அவர் வைத்த பெயர், 'ஜானியஸ் கருத்தா'. முதல் பாதி, அனுப்பிவைத்த பாதிரியாருக்கு நன்றிக்கடன். இரண்டாம் பாதி? சாட்சாத் தமிழ்! 'கறுத்த கத்தாளை' என்று நம்மூரில் அழைத்த அதே மீன்தான்.

பிளாக்கின் சேகரிப்பில் எஞ்சியவை இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அனுப்பியவர் பெயர் நிலைத்துவிட்டது. வலை வீசிப் பிடித்தவர் பெயர் அந்த மீனில் இல்லை. ஆனால், அவர் பேசிய பாஷை இருக்கிறது!