அதோ வருகிறார் அப்பா (ஓவியம்)

'அதோ வருகிறார் அப்பா' என்பது ராஜா ரவிவர்மா (1848–1906) 1893இல் தீட்டிய எண்ணெய் வண்ண உருவப்படம். 'தேர் கம்ஸ் பப்பா' என்பது இதன் ஆங்கிலத் தலைப்பு. படத்தில் நிற்பவர் ஓவியரின் மூத்த மகள் மகாபிரபா. கையிலிருப்பது அவருடைய தலைமகன். அதே ஆண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ரவிவர்மா அனுப்பிய 10 ஓவியங்களுள் இதுவும் ஒன்று.

அமைப்பு

வெண்ணிற முண்டும் நேரியதும் உடுத்த தாய், ஒரு கையால் குழந்தையை அணைத்தபடி மறு கையால் சட்டத்துக்கு வெளியே சுட்டுகிறார். அவர் காட்டும் திசையில்தான் தந்தை வருகிறார். ஆனால் படத்தில் அவர் இல்லை. காலடியில் வளர்ப்பு நாய்.

பாணி

இந்தப் படத்தில் போலவே, சீமாட்டிகளை முழு உருவத்தில், கம்பீரமான நிலையில் வரையும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் ஓங்கியிருந்தது. 1768இல் தொடங்கிய ராயல் அகாடமியின் முதல் தலைவர் ஜோஷுவா ரெனால்ட்ஸ், அன்றாட நாகரிக உடையைத் தவிர்த்து, பண்டைய கிரேக்க, ரோமானியச் சாயலை உருவப்படத்துக்கு ஏற்றச் சொன்னவர். டெவன்ஷயர் சீமாட்டி தம் மகளோடு விளையாடுவதாக அவர் வரைந்த படம் (1784–86) தாய்–சேய் உருவப்படங்களில் பேர்பெற்றது. 1769இல் ஓவியர் டில்லி கெட்டில் சென்னைக்கு வந்தபின் பிரிட்டிஷ் உருவப்படக் கலை தென்னிந்தியாவில் பரவியது. 1868இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த ஓவியர் தியடோர் ஜென்சன் படம் வரைவதை அருகிலிருந்து பார்த்தே எண்ணெய் வண்ண நுட்பங்களை ரவிவர்மா உள்வாங்கினார். மகாபிரபாவுக்கு அவர் கிரேக்க உடை தேடவில்லை. பளிங்குச் சிலையின் துணிமடிப்பு தரும் அழகை, வீட்டில் உடுத்தும் வெள்ளை நேரியதே தந்துவிட்டது.

சமூகப் பின்னணி

மகாபிரபா தாய்வழியில் மாவேலிக்கரை அரச குடும்பத்தவர். அங்கு நடப்பிலிருந்தது மருமக்கள்தாயம். பிள்ளைகள் தாயின் குடும்பத்துக்கே உரியவர்கள், சொத்துரிமையும் அவ்வழியே வரும். அப்படிப்பட்ட வீட்டில் தாயும் சேயும் தந்தையின் வரவை நோக்கி நிற்பதாக அமைந்த இந்தப் படத்தில், தளரத் தொடங்கிய தாய்வழி முறையின் அறிகுறியை வரலாற்றாய்வாளர் ஜி. அருணிமா காண்கிறார்.

பிற்காலம்

மகாபிரபாவுக்கு 1895இல் பிறந்த மகள் சேது லட்சுமிபாய் 1900இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்துச் சென்றார். 1924 முதல் 1931 வரை ஆட்சிப் பொறுப்பாளராக இருந்தார்.  அவருடைய ஆட்சியில் 1925இல் வந்த நாயர் சட்டம் மருமக்கள்தாயக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பங்கிட வழிவிட்டது. அடுத்த ஆண்டு, அன்று திருவிதாங்கூரில் இருந்த நாஞ்சில்நாட்டின் வேளாளருக்கும் தனிச் சட்டம் வந்தது. படத்தின் சட்டத்துக்கு வெளியே நின்ற தந்தைக்கு நாட்டின் சட்டத்துக்குள் இடம் கிடைத்தது, அந்தப் படத்தில் நிற்கும் தாயின் மகள் ஆண்ட காலத்தில்.