இலை, பூ, பிசின்: ஒரு செடி மூன்று சரக்கான கதை

அரைக் கிலோ கஞ்சாவோடு ஒருவர் பிடிபட்டால், சட்டப்படி அதிகபட்சம் ஒரு வருடச் சிறை. அதே அரைக் கிலோ சரஸ் என்றால் பத்து வருடம் வரை போகும். இரண்டும் ஒரே செடிதான். கஞ்சாவில் 'சிறிய அளவு' என்பது 1 கிலோ வரை, சரஸில் 100 கிராம் வரை. 'வணிக அளவு' கஞ்சாவுக்கு 20 கிலோ, சரஸுக்கு 1 கிலோ. அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் குறைந்தபட்சமே பத்து வருடம்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில், பூ சேராத வெறும் இலையும் விதையும் 'கஞ்சா' என்ற வரையறைக்குள்ளேயே வராது. ஆனால் அந்த இலையிலிருந்து பிசினைப் பிரித்தெடுத்துவிட்டால், எந்த வடிவத்தில் இருந்தாலும் அது சரஸ். கழித்துப் போட்ட இலையை ஐஸ் தண்ணீரில் அலசிப் பிசின் எடுப்பதை இணையத்தில் ஏதோ சமையல் குறிப்பு மாதிரி பேசுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது குப்பையில் காசு பார்ப்பது போலத் தோன்றும். சட்டத்தின் பார்வையிலோ, படிக்கட்டில் ஒரேயடியாக இரண்டு படி ஏறுவது. (பூவை ஒட்டிக் கத்தரித்த இலையில் பூவும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதனால் அந்த இலை விலக்கும் நடைமுறையில் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பது சந்தேகம்தான்.)

இந்தப் படிக்கட்டைக் கட்டியது யார்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

1893 மார்ச்சில் லண்டன் நாடாளுமன்றத்தில் இந்தியாவின் கஞ்சா பற்றிக் கேள்வி எழுந்தது. அதன் விளைவாக அந்த வருடமே மாக்வொர்த் யங் தலைமையில் இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் அமைந்தது. ஏழு பேர் கொண்ட குழு, அதில் மூவர் இந்தியர். மாகாணம் மாகாணமாகப் போய் 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கினார்கள். டாக்டர், கலெக்டர், சாமியார், வியாபாரி என்று யாரையும் விடவில்லை. 1894இல் வந்த அறிக்கையின் சாரம்: மிதமாகப் பயன்படுத்துவதால் பெரிய கேடில்லை, முழுத் தடை வேண்டாம், வரி போட்டு உரிமம் கொடுத்துக் கட்டுப்படுத்தினால் போதும்.

அந்த அறிக்கையின் முதல் வேலையே பெயர்களைப் பிரிப்பதுதான். காய்ந்த இலை பங்கு. பிசின் ஏறிய பெண் பூங்கொத்து கஞ்சா. தனியே பிரிந்த பிசின் சரஸ். மூன்றின் வீரியமும் வேறு, விலையும் வேறு. அப்புறம் வரி மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? ஆக, இந்த முப்பிரிவு அன்று ஒரு கலால் கணக்கு. இன்று சிறைத் தண்டனையை அளக்கும் கோலும் ஏறக்குறைய அதேதான்.

சரி, நம்ம பக்கம் என்ன நிலவரம்? காணையும் விழுப்புரமும் அப்போது தென்னாற்காடு மாவட்டம். சென்னை மாகாணத்தில் கஞ்சா பயிரான இடங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று வடக்கே கிருஷ்ணா மாவட்டம். இன்னொன்று வடாற்காட்டின் ஜவ்வாது மலை. திருவண்ணாமலை தாண்டி வடமேற்கே போனால் வருமே, அதே மலைதான். அங்கே மலையாளி மக்கள் பயிரிட்டார்கள். ஆனால் இந்தப் பக்கம் விளைந்ததும் விற்றதும் கஞ்சாதான், சரஸ் அல்ல. சரஸ் வடக்கத்திச் சரக்கு, முக்கியமாகப் பஞ்சாபின் சரக்கு.

மொழியிலேயே இது தெரிகிறது. கஞ்சா, பங்கி, சிவமூலி, கோரக்கர் மூலி என்று செடிக்குத் தமிழில் எத்தனையோ பேர். மதனகாமேசுவர லேகியம் போன்ற பழைய மருந்துகளிலும் அது சேர்ந்திருந்தது. ஆனால் பிரித்தெடுத்த பிசினைச் சொல்ல நம் பேச்சு வழக்குக்கு இந்தியிலிருந்து 'சரஸ்' வர வேண்டியிருந்தது. புழங்காத பொருளுக்கு ஊர் பெயர் வைப்பதில்லை.

ஏன் புழங்கவில்லை? என் கணிப்பில் பாதி விடை குளிர். பிசின் இருப்பது பூவின் மேலும் அதை ஒட்டிய சிற்றிலையின் மேலும் உள்ள நுண்ணிய மயிர்களின் தலையில். வெயிலில் அது பிசுபிசுவென்று ஒட்டும். குளிரில் கெட்டிப்பட்டு, தட்டினால் உடைந்து உதிரும். பஞ்சாபுக்கு வந்த சரஸில் பெரும்பகுதி மத்திய ஆசியாவின் யார்கண்டிலிருந்து லே வழியாக மலை கடந்து வந்தது. அங்கே காய்ந்த செடியை அடித்துச் சலிப்பார்கள், பொடியாகக் கொட்டும். விழுப்புரத்து வெயிலில் சலித்தால் சல்லடையில் பிசுக்குத்தான் மிஞ்சும். 1930களில் சீனத் தரப்பு அந்த ஏற்றுமதியை நிறுத்தியதும் யார்கண்ட் பாதை தேய்ந்துபோனது.

இளஞ்சூடான இடங்களில் வேறு வழி: தேய்த்து எடுப்பது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஓஷானஸி 1839இல் எழுதியதில் ஒரு காட்சி வருகிறது. தோல் உடை போட்ட ஆட்கள் கஞ்சா வயலுக்குள் செடிகளை உரசிக்கொண்டே ஓடுவார்களாம். உடையில் ஒட்டிய பிசினைப் பிறகு சுரண்டி எடுப்பார்களாம். நேபாளத்தில் தோல் உடைகூடக் கிடையாது, கூலியாட்கள் வெற்றுடம்போடு ஓடினார்களாம். நம்பலாமா வேண்டாமா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. இமாசலத்தில் இன்றும் உள்ளங்கையால் தேய்த்து எடுப்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இனி ஐஸுக்கு வருவோம். சென்னைக்குப் பனிக்கட்டியே அமெரிக்காவிலிருந்து கப்பலில்தான் வந்தது. பாஸ்டன் வியாபாரி டியூடர் அதைச் சேமிக்க 1842இல் கட்டிய கட்டடம்தான் மெரினா எதிரே ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அன்று ஐஸ் என்பது துரைமார் டம்ளரில் மட்டும் மிதந்த பொருள். இன்று பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது.

பிசின் தண்ணீரில் கரையாது, நீரைவிடக் கனம், குளிரில் ஒடியும். இந்த மூன்றையும் சேர்த்துப் பிசின் பிரிக்கும் யோசனை 1980களில் மேற்கில் பேசப்பட்டது. 1990களின் கடைசியில் ஆம்ஸ்டர்டாமின் மிலா யான்சன் அதைச் சல்லடைப் பைகளாகச் செய்து கடைச்சரக்காக்கினார். அவர் அதற்கு முன் பல வருடம் இந்தியாவில் வாழ்ந்தவர், கைத்தேய்ப்புச் சரஸை நன்றாக அறிந்தவர். ஆக, யார்கண்டின் குளிர்காலம் ஒரு பையாகி வீட்டுக்குள் வந்துவிட்டது. எந்த ஊரில் சரஸ் உண்டாகும் என்பதைப் பருவநிலை தீர்மானித்த காலம் அதோடு முடிந்தது.

ஆனால் சட்டம் அந்தப் பழைய பூகோளத்திலேயே நிற்கிறது. 100 கிராம் என்ற எல்லைக்கு முன்னால், மலை கடந்து வந்த வியாபாரியும் அடுப்படியில் வாளியோடு நிற்கும் பையனும் ஒன்றுதான். அந்தப் பையன் தொட்டியில் ஒரே ஒரு செடி வளர்த்திருந்தால் அது தனிக் குற்றம், அதற்கும் பத்து வருடம் வரை. கள்ளச்சாராயம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. 2023இல் மரக்காணம், 2024இல் கள்ளக்குறிச்சி, அங்கே மட்டும் 60க்கும் மேற்பட்ட சாவு. இது மெத்தனால் மாதிரி ஆளை அன்றே சாய்க்கும் விஷம் இல்லை. அந்த ஒப்பீட்டைச் செய்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். இங்கே பறிபோவது வயது, இருபதிலிருந்து முப்பது வரை.

தண்டனை ஆளைப் பார்த்து அமைவதும் பழைய கதைதான். 1860இல் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் தமிழ், தெலுங்குக் கூலிகளை நேட்டாலில் இறக்கியது. பத்து வருடம் கழித்து, 1870இல், நேட்டால் அரசு கூலிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது: கூலிகள் கஞ்சா புகைப்பதும், வைத்திருப்பதும், அவர்களுக்கு யாரும் விற்பதும் குற்றம். தோட்ட முதலாளிகள் வெளிப்படையாகவே பேசினார்கள். வேலை கெடுகிறது என்பதுதான் புகார். ஆரோக்கியமெல்லாம் பிறகு வந்த வாதம்.

கடைசியாக ஒரு நடப்புச் செய்தி. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுத்தது. 27க்கு 25 என்ற அந்த வாக்கெடுப்பில் இந்தியாவும் எடுக்கச் சொல்லியே வாக்களித்தது. அதே 2020இல் உச்ச நீதிமன்றம் ஹீரா சிங் வழக்கில், போதைப்பொருளோடு வேறு ஏதாவது கலந்திருந்தால் கலவையின் மொத்த எடையையே கணக்கில் எடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அப்படிப் பார்த்தால் பிசின் பத்து கிராமாக இருந்தாலும், தராசில் ஏறுவது அது கலந்து கிடக்கும் பண்டம் முழுவதும்.