நாற்றுப் பையும் மாவுப்பொருளும்

நுவரெலியா, அட்டன் மலைச்சரிவுகளில் தளிர்க்கும் தேயிலைச் செடிகளுள் பல, தம் இளமையைப் பொலித்தீன் பைக்குள் கழித்தவை. முற்காலத்தில் தேயிலை விதையிலிருந்தே பயிராயிற்று. 1925ஆம் ஆண்டில் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம், ஓரிலையோடு கூடிய தண்டுத் துண்டுகளை வேரூன்றச் செய்யும் முறையைத் தலவாக்கலையில் வளர்த்தது. தாய்ச் செடியின் குணத்தைக் கன்றும் மாறாமற் பெறும் என்பதால், 1950களின் பிற்பகுதியில் மீள்நடுகை பரவியபோது இம்முறையும் பரவிற்று. காலப்போக்கில், மண் நிறைத்த மெல்லிய பொலித்தீன் பையே கன்றுக்குத் தொட்டிலாயிற்று.

நடும் நாளில் அப்பையைக் கிழித்து அகற்ற வேண்டும்; இன்றேல் வேர் பரவாது. கிழித்தெறிந்த பையோ மண்ணில் மக்குவதில்லை. மழைநீர் அதனை ஓடைக்கு இழுத்துச் செல்லும். அட்டன் பக்கத்துக் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகின்றன. தலவாக்கலை வழியோடும் கொத்மலை ஓயா மகாவலியைச் சேர்கின்றது. மலையில் வீசப்பட்டது மலையோடு நின்றுவிடுவதில்லை.

இத்தகைய குப்பைக்கு மாற்றுத் தேடிய அறிஞர் மாவுப்பொருளை நாடினர். வேட்டிக்கு இடும் கஞ்சியிலும் மரவள்ளிக் கிழங்கிலும் உள்ள பொருளே அது. 1970களில் இங்கிலாந்தின் புரூனல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் கிரிஃபின் என்பவர், உலர்ந்த மாவுத் துகள்களைப் பொலித்தீனோடு கலந்தார். மாவு நீரை ஏற்பது; பொலித்தீன் நீரை ஏற்காதது. ஆகவே துகள்களின் மேற்பரப்பைப் பக்குவப்படுத்தியே இரண்டையும் இணைத்தனர். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மாவை உண்ண, துளைபட்ட பை நொறுங்கிவிடும் என்பது எண்ணம்.

எண்ணம் பாதியே பலித்தது. மாவு குறைவாயின், துகள்கள் பொலித்தீனுக்குள் சிறைப்பட்டன. நுண்ணுயிர்கள் அவற்றை எட்ட இயலவில்லை. மாவு மிகுந்தால் பை வலுவிழந்தது. மாவு மறைந்த இடத்திலும் பொலித்தீன் சிறு துணுக்குகளாக எஞ்சியது. கண்ணுக்கு மறைவது வேறு, மண்ணாவது வேறு என்பது புலனாயிற்று. ஆதலின் 1990கள் முதல், தாமும் மக்கக்கூடிய பொருள்களோடு மாவைக் கலக்கும் முறை வலுப்பெற்றது.

இலங்கையிலும் குப்பையின் கொடுமை பின்னர் வெளிப்பட்டது. 2017 ஏப்ரலில் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து பலர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 1 முதல் உணவு பொதியும் பொலித்தீன் தாள்கள் தடைசெய்யப்பட்டன. மக்கும் தாள்களுக்குத் தேவை எழுந்தது.

ஆயினும் மலைநாட்டுக்கெனத் தனிக் கேள்வி ஒன்றுண்டு. மக்கும் பொருள்களுள் சில, ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் சூடேறும் உரக்கூடங்களிலேயே விரைந்து மக்குவன. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவினதே. மேலும், நாற்றுப் பை மாதக்கணக்கில் ஈரத்தைத் தாங்கிக் கன்றைக் காத்து, நட்ட பின்னரே மக்க வேண்டும். முந்தினால் கன்று கெடும், பிந்தினால் மண் கெடும். எனவே 'மக்கும்' என்ற பெயர் மட்டும் போதாது. எந்த மண்ணில், எத்தனை மாதத்தில், எதுவாக மாறும் என வினவுவதே அறிவுடைமை. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட நாள் முதலாக, ஒரு சமுதாயம் தன் உழைப்பை எல்லாம் இம்மண்ணிலேயே இட்டு வந்துள்ளது.