நாய்க்கு எது சாப்பாடு? ஒரு கோப்பையின் வரலாறு

நாங்கள் நாலு பேர் இருக்கிற போர்டிங் வாசலில் ஒரு கறுப்பு நாய் எப்போதும் படுத்துக் கிடக்கும். யாருடைய நாய் என்று கேட்டால் ஒருத்தரிடமும் பதில் இல்லை. சோத்துப் பார்சலில் மிஞ்சுகிற சோறு, மீன் தலை, கோழிக் கறி எலும்பு, வெள்ளிக்கிழமை என்றால் பருப்பும் சோறும். இதுதான் அதன் சாப்பாடு. போன மாதம் நண்பன் ஒருவன் போனில் ஒரு வீடியோவைக் காட்டிப்போட்டு, "மச்சான், நாய்க்குச் சோறு போடுறது நஞ்சு போடுற மாதிரி. ஓநாய் சோறா தின்னுது? பச்சை இறைச்சியும் எலும்பும்தான் குடுக்கோணும்" என்றான்.

கோழி விற்கிற விலைக்கு நாங்களே கிழமையில் ஒரு நாள்தான் இறைச்சி சாப்பிடுகிறோம். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் வந்தது. உண்மையிலேயே இவ்வளவு நாளும் அந்தச் சீவனுக்குக் கெடுதல்தான் செய்துகொண்டிருந்தோமா? கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு மிருக வைத்தியம் தெரியாது. ஆனால் 'இயற்கையானது' என்று யாராவது ஒன்றைக் காட்டினால், அது எப்போதிருந்து அப்படி ஆனது என்று கேட்கத் தெரியும். அப்படிக் கேட்டுத் தேடியதில் கிடைத்ததுதான் இது.

நாய்க்குத் தானியம் கொடுப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் விவசாயம் பற்றி எழுதிய ரோமரான கொலுமெல்லா, பண்ணை நாய்களுக்குப் பார்லி மாவைத் தயிர்த் தெளிவோடு கலந்து கொடுக்கச் சொல்கிறார். 1781இல் வேட்டை பற்றி நூல் எழுதிய ஆங்கிலேயக் கனவான் பீற்றர் பெக்ஃபோர்ட், ஓட்ஸையும் பார்லியையும் அவித்து இறைச்சியோடு கலப்பது பற்றிப் பக்கம் பக்கமாகக் கவலைப்படுகிறார். அவருடைய வேட்டை நாய்கள் அந்தக் காலத்து ஏழை மனுசரை விட நல்லாகவே சாப்பிட்டிருக்கும்.

நகரத்து நாய்களின் கதை வேறு. 1850களின் லண்டனில் தள்ளுவண்டியோடும் கூடையோடும் தெருத் தெருவாகப் போய் இறைச்சி விற்கிற ஆட்கள் இருந்தார்கள். 'பூனை இறைச்சிக்காரர்' என்று பெயர். நாய் வைத்திருந்தவர்களும் அவர்களிடம்தான் வாங்கினார்கள். அது குதிரை இறைச்சி. வண்டி இழுத்து இழுத்துச் செத்த குதிரைகள், இனி இழுக்க ஏலாது என்று விற்கப்பட்ட குதிரைகள் எல்லாம் வெட்டுமிடத்துக்குப் போகும். லண்டன் ஏழைகளின் தொழில்களைப் பற்றி விரிவாக எழுதிய ஹென்றி மேஹ்யூ, இந்த வியாபாரிகள் ஆயிரம் பேரளவில் இருந்ததாகக் கணக்குச் சொல்கிறார். இதில் எங்களுக்குப் பிடித்த விசயம் என்னவென்றால், அந்த இறைச்சி பச்சையாக விற்கப்படவில்லை. பெரிய கிடாரங்களில் அவித்துத்தான் விற்றார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஊரில் பச்சை இறைச்சி எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இந்த இடத்தில்தான் ஜேம்ஸ் ஸ்ப்ராட் வருகிறார். அமெரிக்காவின் ஒஹாயோவைச் சேர்ந்தவர். இங்கிலாந்துக்கு வந்தது இடிதாங்கி விற்க. துறைமுகத்தில் மாலுமிகள் வீசிய கப்பல் பிஸ்கட்டுகளை நாய்கள் அடிபட்டுத் தின்பதைக் கண்டு அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கப்பல் பிஸ்கட் என்றால் மாவும் தண்ணீரும் சேர்த்துக் கல்லு மாதிரிச் சுட்டெடுப்பது, மாதக்கணக்கில் கெடாது. கதை எவ்வளவு உண்மையோ, 1860 வாக்கில் ஸ்ப்ராட் நாய் பிஸ்கட் செய்து விற்கத் தொடங்கினார் என்பது உண்மை. கோதுமை, பீற்றூட், மரக்கறி, கூடவே அமெரிக்கப் புல்வெளி மாட்டின் காய்ந்த இறைச்சி என்று விளம்பரம் சொன்னது.

ஸ்ப்ராட் குறிவைத்தது தெரு நாய் வைத்திருக்கிற ஆட்களை இல்லை. வேட்டை நாய் வளர்க்கிற பணக்காரக் கனவான்களைத்தான். பிஸ்கட்டின் விலையும் அப்படித்தான். சாதாரண ஆட்களின் நாய்கள் வழமைபோல மிச்சத்தையே தின்றன. ஆனால் ஒரு எண்ணம் முதல் தடவையாகக் கடைக்கு வந்தது: நாய்க்கென்று தனியாக ஒரு சாப்பாடு இருக்கிறது, அதை நீங்கள் வீட்டில் செய்ய ஏலாது, காசு கொடுத்து வாங்கவேண்டும். இதே ஸ்ப்ராட் கம்பனியில் வேலை செய்த சார்ள்ஸ் க்ரஃப்ட் என்பவர்தான் 1891இல் தன் பெயரில் நாய்க் கண்காட்சி நடத்தத் தொடங்கினார். இண்டைக்கும் உலகப் புகழோடு நடக்கிற க்ரஃப்ட்ஸ் கண்காட்சி அதுதான். சாதி நாய் என்ற மோகமும் நாய் பிஸ்கட்டும் ஒரே கம்பனி வாசலால் வெளியே வந்தவை என்பதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த கட்டம் அமெரிக்காவில். காரும் ட்ரக்ரரும் வந்த பிறகு குதிரைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1922இல் இலினோய் மாநிலத்தில் சப்பல் சகோதரர்கள் குதிரை இறைச்சியை ரின்னில் அடைத்து 'கென்-எல் ரேஷன்' என்று விற்றார்கள். மேற்குப் பகுதியில் சுதந்திரமாகத் திரிந்த குதிரைகளும் பிடிபட்டு ரின்னுக்குள் போயின. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. தகரத்துக்குத் தட்டுப்பாடு, நாய்க்கு ரின் அவசியமில்லை என்றாகிவிட்டது. கம்பனிகள் காய்ந்த உணவுக்கு மாறின. 1950களில் பியூரினா கம்பனி, காலைச் சாப்பாட்டுச் சீரியல் செய்கிற இயந்திர முறையை நாய் உணவுக்குப் பாவித்துப் பொரி போல ஊதிய துண்டுகளைச் செய்தது. நாம் இண்டைக்குச் சுப்பர் மார்க்கட்டில் காண்கிற பைகளின் தொடக்கம் இது. 1960களில் அமெரிக்க நாய் உணவுக் கம்பனிகளின் சங்கம் மேசை மிச்சம் நாய்க்கு ஆபத்து என்று பிரசாரமே நடத்தியது. எங்கட நண்பன் காட்டிய வீடியோவும் அதைத்தான் வேறு முடிவோடு சொல்கிறது. நூறு வருசத்துக்கு மேலாக யாரோ ஒருத்தர் வந்து, நீ கொடுக்கிறது பிழை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

பச்சை இறைச்சி வாதம் பெரிதாகப் பரவியது 1993இல், அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் இயன் பில்லிங்ஹர்ஸ்ற் நாய்க்கு எலும்பு கொடுக்கச் சொல்லி ஒரு புத்தகம் எழுதிய பிறகு. பைகளில் வருகிற தானியக் கலவை நாய்க்குப் பொருந்தாது, இறைச்சி ஒட்டிய பச்சை எலும்பு, ஈரல், மரக்கறி என்று கொடுங்கள் என்பது அவர் கட்சி. இந்த முறைக்கு 'பார்ஃப்' என்ற பெயர் நிலைத்தது. ஆங்கிலப் பேச்சு வழக்கில் அதற்கு வாந்தி என்று அர்த்தம். யாரும் யோசிக்கவில்லைப் போல. 2007இல் மெலமைன் கலந்த நாய், பூனை உணவுகளை அமெரிக்கக் கடைகளில் இருந்து திருப்பி எடுக்க வேண்டி வந்தபோது, பையில் வருகிறதை எப்படி நம்புவது என்று கேட்டவர்கள் கூடினார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஓநாய்? 2013இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓநாய்களின் மரபணுக்களையும் நாய்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டு 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள். மாச்சத்தைச் சமிக்க வைக்கிற அமிலேஸ் நொதியத்துக்கான மரபணு ஓநாயில் 2 பிரதிகள்தான். நாய்களில் 4 தொடக்கம் 30 வரை. எங்களுக்கு இது ஒரு ஆவணக் காப்பகம் மாதிரிப் பட்டது. மனுசர் விதைத்து அறுக்கத் தொடங்கியபோது, அடுப்படிக்குப் பின்னால் காத்துக் கிடந்த நாய்களின் உடம்பும் மாறியிருக்கிறது. விவசாயத்தோடு வளராத அவுஸ்திரேலிய டிங்கோவில் அந்த மரபணு ஓநாய் மாதிரி 2 பிரதிகளிலேயே நிற்கிறது. கிறீன்லாந்தில் சீல் இறைச்சியிலும் மீனிலும் வளர்ந்த நாய்களும் உண்டு. அங்கே மனுசரும் அதைத்தான் சாப்பிட்டார்கள்.

இதை வைத்து நண்பனோடு ஒரு இரவு முழுக்கச் சண்டை. அவன் முழுக்கத் தோற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சோறு நஞ்சில்லை; ஆனால் சோறு மட்டும் போதாது, புரதம் வேண்டும். நாங்கள் நல்லெண்ணத்தோடு போட்ட கோழிக் கறி எலும்புதான் உண்மையான பிழை. வெந்த எலும்பு ஊசி மாதிரி உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். பச்சை இறைச்சிக்காரரும் அவர்களை எதிர்க்கிற வைத்தியர்களும் ஒத்துப்போகிற ஒரே இடம் இதுதான் போல. கறியில் கிடக்கிற வெங்காயமும் நாயின் இரத்தத்துக்குக் கூடாது. அதேநேரம், பச்சை இறைச்சியில் சல்மொனெல்லா மாதிரிக் கிருமிகள் இருக்கலாம், அது வீட்டு ஆட்களுக்கும் தொற்றும் என்று அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் 2012இலேயே பச்சையாகக் கொடுப்பதை ஊக்குவிக்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. நாலு பேருக்கு ஒரு குசினி, ஒரு வெட்டுப் பலகை என்று இருக்கிற எங்களுக்கு அது சின்ன விசயமில்லை.

இப்போது சந்தையில் கோழிக் கடைக்காரரிடம் ஈரலும் கழுத்தும் மலிவாக வாங்குகிறோம். உப்பு, வெங்காயம் ஒன்றும் இல்லாமல் அவித்து, கழுத்தில் இருக்கிற எலும்பைக் கழற்றிவிட்டுச் சோத்தோடு பிசைந்து வைக்கிறோம். கிட்டத்தட்ட லண்டன் பூனை இறைச்சிக்காரரின் வேலைதான். முதல் நாள் நாய் ஈரலை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோத்தை விட்டுவிட்டது. நண்பன் வெற்றிப் புன்னகையோடு பார்த்தான். பின்னேரம் பார்த்தால் கோப்பை வெறுமையாகக் கிடந்தது. காகமா நாயா என்று இன்னும் தீர்ப்பாகவில்லை.